இணைப்பைத் துண்டிக்காமல் பயனரை மாற்றுவது எப்படி: ஜாவா எழுதுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முறையில் இயங்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். உற்பத்தி வரிசையின் ஓரத்தில் இருக்கும் கணினியில் ஜாவா நிரல் ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. ஷிஃப்ட் முடிந்தால் ஆள் மாறுகிறார், நிரலும் சர்வருடன் அதற்கு இருக்கும் இணைப்பும் அப்படியே நிற்கின்றன. இரவு வேலைக்கு வந்தவர் சோதித்து அனுப்பியதெல்லாம் பகல் வேலை பார்த்தவர் பெயரில் பதிவாகிறது. கோலாலம்பூரில் நிதி நிறுவனங்களுக்கு எழுதும் வலைச் செயலிகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். நூற்றுக்கணக்கானவர்கள் சில இணைப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் இந்தக் கணக்கைத் திருத்தியது என்று தரவுத்தளத்தைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பொதுப் பயனரின் பெயரைச் சொல்கிறது.

இது நேர்த்தி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின், தொழில்நுட்ப இடர்களைக் கையாள்வதற்கான ஆர்எம்ஐடி கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நிதி நிறுவனங்களுக்கு நடப்பில் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-க்கு 2024-இல் வந்த திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1-இல் தொடங்கியது. அந்த 72 மணி நேரத்தில் யார் எதைப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டிய நிலை வந்தால், பதிவேட்டில் ஒரே பெயர் ஆயிரம் தடவை இருப்பது எந்த உதவியும் செய்யாது.

பெயரை மாற்றுவது பல இடங்களில் ஒரே வரி வேலை. பழைய பயனர் அந்த இணைப்பில் விட்டுச்சென்றவற்றைத் துடைப்பதுதான் உண்மையான உழைப்பு. பாதி முடிந்த டிரான்சாக்‌ஷன், தற்காலிக அட்டவணை, குக்கி, பூட்டு என்று மிச்சம் பல வகையில் இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் இந்தத் துடைக்கும் வேலை திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: எதை மாற்றப் போகிறீர்கள்?

மூன்று தேவைகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, அதே பயனர், கடவுச்சொல் மட்டும் மாறியிருக்கிறது. பெரும்பாலான சர்வர்களில் ஏற்கெனவே திறந்த இணைப்புக்கு இதனால் எதுவும் ஆகாது. இனி திறக்கும் இணைப்புகளுக்குத்தான் புதிய கடவுச்சொல் வேண்டும், ஆகவே அது இணைப்புக் குளத்தில், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துப் பகிரும் இடத்தில், தீர்க்க வேண்டியது. இரண்டாவது, ஆளே மாறுகிறார். மூன்றாவது, ஆள் அவரே, ஆனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் கூடவோ குறையவோ வேண்டும்.

நாலாவதாக ஒன்று உண்டு. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான்: அதிகாரம் மாற வேண்டாம், பதிவேட்டில் சரியான பெயர் வந்தால் போதும். அதற்கு, ஜாவா தரவுத்தளத்துடன் பேசும் இடைமுகமான ஜேடிபிசியின் 'செட் கிளையன்ட் இன்ஃபோ' இருக்கிறது. இணைப்பின் மேல் பயனர் பெயரை ஒரு குறிப்பாக ஒட்டும். எந்தெந்தக் குறிப்புகள் செல்லும் என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும். அந்தக் குறிப்பைச் சர்வர் சரிபார்ப்பதில்லை, நிரல் எதைச் சொல்கிறதோ அதையே நம்பும். உங்களுக்கு இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நெறிமுறை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்

ஜாவா நூலகத்தின் ஆவணத்தைத் திறப்பதற்கு முன், அடியில் ஓடும் நெறிமுறையைப் பாருங்கள். நெறிமுறை தராததை எந்த நூலகமும் தர முடியாது.

தொலைவிலுள்ள சர்வரில் நுழைந்து கட்டளைகளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச்-இல், உள்நுழைவு வெற்றி பெற்ற பிறகு வரும் உள்நுழைவுக் கோரிக்கைகளைச் சர்வர் பேசாமல் புறக்கணிக்க வேண்டும் என்று 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4252 என்ற நெறிமுறை ஆவணம் சொல்கிறது. அங்கே பயனரை மாற்றும் பேச்சே இல்லை. பயனர் விவரங்களை வைத்திருக்கும் அடைவுச் சர்வருடன் பேசும் எல்டாப் இதற்கு நேர்மாறு: ஒரே இணைப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் 'பைண்ட்', அதாவது உள்நுழைவு, செய்யலாம். கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் ஆர்எஃப்சி 959, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க 'ரெயின்' என்ற கட்டளையைத் தருகிறது. அப்பாச்சி காமன்ஸ் நெட் நூலகத்தில் 'ரீஇனிஷியலைஸ்' அதை அனுப்பும். ஆனால் எல்லாச் சர்வரும் அதை ஏற்பதில்லை, அதனால் எஃப்டிபியில் துண்டித்துவிட்டு மறுபடி இணைவதே நல்லது. தரவுத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

மூன்றாம் படி: தரவுத்தள இணைப்பில் மாற்றுவது

இந்த வேலையை மிக நன்றாகச் செய்திருப்பது ஆரக்கிள் என்பது என் கருத்து. முதலில் தரவுத்தள நிர்வாகி, இன்ன பயனர் இன்ன செயலிப் பயனர் வழியாக வரலாம் என்று 'ஆல்டர் யூசர்' கட்டளையில் 'கிராண்ட் கனெக்ட் த்ரூ' என்று அனுமதி தருகிறார். எந்தெந்த ரோல்களோடு, அதாவது அதிகாரத் தொகுப்புகளோடு, வரலாம் என்பதையும் அங்கேயே கட்டுப்படுத்தலாம். பிறகு ஜாவாவில், இணைப்பை 'அன்ராப்' செய்து ஆரக்கிளின் சொந்த இணைப்பு வகையாக எடுத்து, 'ஓப்பன் ப்ராக்ஸி செஷன்' என்று அழைக்க வேண்டும். வகை, பயனர் பெயரால் ப்ராக்ஸி. பண்புகளில் புதிய பயனரின் பெயர். வேறாக நிபந்தனை வைக்காத வரை அவருடைய கடவுச்சொல் தேவையில்லை, அதனால் செயலி யாருடைய கடவுச்சொல்லையும் சேமிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் 'குளோஸ்' அழைப்புக்குள் ப்ராக்ஸி செஷன் என்ற மாறிலியைக் கொடுங்கள். அது ப்ராக்ஸி செஷனை மட்டும் மூடும், இணைப்பு செயலிப் பயனருக்குத் திரும்பும். வெறும் 'குளோஸ்' போட்டால் இணைப்பையே இழந்துவிடுவீர்கள். தணிக்கைப் பதிவில் அசல் ஆளின் பெயரும் அவர் வந்த வழியும் இரண்டுமே விழும். ப்ராக்ஸி திறப்பதற்கு முன் நடந்துகொண்டிருக்கும் டிரான்சாக்‌ஷனை 'கமிட்' அல்லது 'ரோல்பேக்' செய்துவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்-இல் நெறிமுறையிலேயே பயனரை மாற்றும் கட்டளை உண்டு. அதன் ஜாவா டிரைவரான கனெக்டர் ஜே-யில், டிரைவரின் சொந்த இணைப்பு வகைக்கு 'அன்ராப்' செய்து, 'சேஞ்ச் யூசர்' என்று பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அழைக்கலாம். இங்கே புதியவரின் கடவுச்சொல் கட்டாயம். இதில் எனக்குப் பிடித்தது, துடைக்கும் வேலையைச் சர்வரே செய்துவிடுவது. முடியாத டிரான்சாக்‌ஷன் பின்வாங்கப்படும், அட்டவணைப் பூட்டுகள் விடுபடும், தற்காலிக அட்டவணைகள் போய்விடும், செஷன் மாறிகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அதே காரணத்தால் முன்பு தயார் செய்த 'ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்' எல்லாம் செத்துவிடும். ஜாவா பக்கம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மாறிகளை மாற்றத்துக்கு முன்பே மூடிவிடுங்கள். கடவுச்சொல் தவறி மாற்றம் தோற்றால் அந்த இணைப்பை நம்பாதீர்கள், மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

போஸ்ட்கிரெஸில் இணைப்பின் நடுவே வேறொருவராக உள்நுழைய வழி இல்லை. இருப்பது 'செட் ரோல்'. செயலிப் பயனரைத் தேவையான ரோல்களில் உறுப்பினராக்கி, ஆனால் 'நோ இன்ஹெரிட்' என்று வைத்துவிடுங்கள். அப்போது ரோல் எடுத்துக்கொள்ளாமல் அந்த ரோல்களுக்கு உரிய எதையும் அவரால் தொட முடியாது. டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, 'செட் லோக்கல் ரோல்' போட்டு, வேலையைச் செய்து, முடித்துவிடுங்கள். 'லோக்கல்' என்பதால் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் ரோல் தானாகக் கழன்றுவிடும். நடுவே நிரல் தடுமாறி விழுந்தாலும் மிச்சம் இருக்காது. வெறும் 'செட் ரோல்' போட்டுவிட்டு, மறக்காமல் 'ரீசெட்' செய்வோம் என்று நம்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. 'செட் ரோல்' கட்டளையில் ரோலின் பெயரை அளவுருவாக, அதாவது கேள்விக்குறி வைத்து, தர முடியாது. உடனே பலரும் பெயரைச் சரத்தில் ஒட்டுகிறார்கள், ஊடுருவலுக்கு அங்கே கதவு திறக்கிறது. அதற்குப் பதில் 'செட் கான்ஃபிக்' என்ற ஃபங்ஷனை 'செலெக்ட்' வழியாக அழையுங்கள். முதல் அளவுரு 'ரோல்' என்ற சொல், இரண்டாவது பெயர், மூன்றாவது 'ட்ரூ', அதாவது உண்மை என்ற மதிப்பு. மூன்றாவது உண்மை என்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் மட்டும் என்று பொருள். பெயரைக் கேள்விக்குறியில் கொடுக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த இணைப்பில் தன் சொந்த எஸ்கியூஎல்லை ஓட்ட முடிந்தவர் 'ரீசெட் ரோல்' எழுதி வெளியேறிவிடலாம். ரோல் மாற்றம் நல்ல நிரலைத் தவறிலிருந்து காக்கும், கெட்ட உள்ளீட்டிலிருந்து காக்காது.

எஸ்கியூஎல் சர்வரில் 'எக்சிக்யூட் ஆஸ்' இருக்கிறது, திரும்பிவர 'ரிவர்ட்'. அதில் 'வித் குக்கி' என்ற வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சர்வர் ஒரு ரகசிய மதிப்பைத் தரும், அது இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. போஸ்ட்கிரெஸில் இப்போது சொன்ன ஓட்டை இங்கே அடைபடும்.

நான்காம் படி: எல்டாப்

ஜாவாவின் ஜேஎன்டிஐ மூலம் எல்டாப் சர்வருடன் பேசும் நிரல்களில் பயனரை மாற்ற மூன்றே அழைப்புகள். 'ஆட் டு என்விரான்மென்ட்' இரண்டு முறை, ஒன்று பயனரின் முழுப் பெயருக்கு, மற்றது கடவுச்சொல்லுக்கு. பிறகு 'ரீகனெக்ட்', கட்டுப்பாடுகள் இல்லையென்றால் வெற்று மதிப்போடு. 'ரீகனெக்ட்' இல்லாமலும் அடுத்த கோரிக்கையில் புதிய பெயர் தானாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் கடவுச்சொல் தவறு என்பது அப்போது எங்கோ ஒரு தேடலின் நடுவே பிழையாக வெடிக்கும். 'ரீகனெக்ட்' போட்டால் தவறு நடந்த இடத்திலேயே தெரியும்.

எல்டாப்பில் 'பைண்ட்' தோற்றால் பழைய பயனர் நிலைக்குத் திரும்புவதில்லை. கோரிக்கை வந்த கணமே சர்வர் அந்த இணைப்பைப் பெயரற்ற நிலைக்குத் தள்ளிவிடும், தோற்றால் அங்கேயே நிற்கும். ஆகவே பிழை வந்தால் பழைய பெயரோடும் கடவுச்சொல்லோடும் மறுபடி 'ரீகனெக்ட்' செய்ய வேண்டும், அல்லது மூட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது வெற்றுக் கடவுச்சொல். பெயரைக் கொடுத்து கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், சில சர்வர்கள் அதை வெற்றி என்றே பதில் சொல்லும். உண்மையில் பெயரற்ற நிலையில்தான் உள்ளே விட்டிருக்கின்றன. பிழை வரவில்லை என்பதை மட்டும் பார்த்து ஆளை உள்ளே விடும் நிரலில், யார் பெயரையும் தட்டி எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் நுழையலாம். நெறிமுறையைத் தொடுவதற்கு முன்பே, கடவுச்சொல்லின் நீளம் பூஜ்ஜியம் என்றால் ஜாவாவிலேயே மறுத்துவிடுங்கள். சாதாரண 'பைண்ட்' கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பதால் இணைப்பு டிஎல்எஸ் மறையாக்கத்துக்குள் இருப்பதும் கட்டாயம்.

ஜேஎன்டிஐ-யின் சொந்த இணைப்புக் குளத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. பயனரை நடுவில் மாற்றினால் அந்த மாற்றத்தைக் குளம் கவனிக்காது. ஒருவரின் இணைப்பு இன்னொருவர் பெயரில் திரும்பிப் போகலாம்.

மலேசியத் தமிழர்கள் இருக்கும் எந்த நிறுவனத்திலும் வரக்கூடிய சிக்கல் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பெயர்களில் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு வரும், ஆள் அடையாள அட்டையில் இருப்பதை அப்படியே மனிதவளப் பிரிவு எல்டாப்பில் ஏற்றிவிடும். எல்டாப்புக்குச் சாய்கோடு சாதாரண எழுத்து. ஜேஎன்டிஐ-க்கோ அது பெயரைத் துண்டாக்கும் குறி. பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடினால் ஏ வரை ஒரு துண்டு, எல் முதல் இன்னொரு துண்டு என்று உடைத்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லும். தேடல் முடிவிலிருந்து 'கெட் நேம்' வழியாகப் பெயரை எடுத்தால் இரட்டை மேற்கோளுக்குள் வரும். அதை அப்படியே பயனர் பெயராக வைத்து 'பைண்ட்' செய்தால் தோற்கும். சக ஊழியர்கள் எல்லாரும் நுழைய முடிந்த இடத்தில் நம் ஆட்கள் மட்டும் நுழைய முடியாமல் நிற்பது, கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுவது, எல்லாம் இந்த ஒரு எழுத்தால் நடக்கும். தீர்வு சுலபம். சரங்களுக்குப் பதில் 'எல்டாப் நேம்' வகையைப் பயன்படுத்துங்கள், முழுப் பெயரை எடுக்க 'கெட் நேம் இன் நேம்ஸ்பேஸ்' அழையுங்கள். இரண்டும் ஜாவா 5 முதல் இருக்கின்றன. ஏ/எல் உள்ள ஒரு பெயரையும் ஏ/பி உள்ள ஒரு பெயரையும் சோதனைத் தரவில் எப்போதும் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: எஸ்எஸ்எச்

மாற்ற முடியாது என்று முன்பே சொன்னேன். ஓப்பன் எஸ்எஸ்எச் இன்னும் கண்டிப்பு: உள்நுழையும் முயற்சிகளுக்கு நடுவே பயனர் பெயர் மாறினாலே துண்டித்துவிடும். ஜேஎஸ்சிஎச் நூலகமாக இருந்தாலும், அப்பாச்சி மினாவாக இருந்தாலும், எஸ்எஸ்எச்ஜே-யாக இருந்தாலும் இது மாறாது. மூன்று வழிகள் உண்டு.

எளியது, அதே சர்வருக்கு இன்னொரு செஷன் திறப்பது. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நடுவே புதிதாகக் கைகுலுக்கப் பொதுவாக ஒரு வினாடிகூட ஆகாது. ஏற்கெனவே உள்ள இணைப்பைக் காப்பாற்ற இதற்கு மேல் பாடுபடுவது பல நேரம் வீண்.

நடுவில் உள்ள வாயில் சர்வர் வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்றால் இரண்டாவது வழி. ஜேஎஸ்சிஎச்-இல், இருக்கும் செஷனில் 'செட் போர்ட் ஃபார்வர்டிங் எல்' அழைத்து, உள்ளூர் போர்ட்டுக்கு 0 கொடுங்கள். காலியான ஒரு போர்ட்டை அதுவே எடுத்து எண்ணைத் திருப்பித் தரும். அந்தப் போர்ட்டின் மறுமுனை தொலைவிலுள்ள சர்வரின் 22. இப்போது உங்கள் கணினியின் அந்தப் போர்ட்டுக்கு, புதிய பயனர் பெயரில் இரண்டாவது செஷன் திறங்கள். சர்வர் சாவியைச் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தாது, அதற்கு 'செட் ஹோஸ்ட் கீ அலையஸ்' மூலம் உண்மையான சர்வர் பெயரைச் சொல்லுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடு என்று எங்கும் அறிவுரை கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள், நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பதைத் தடுப்பது அந்த ஒரு சரிபார்ப்புதான்.

மூன்றாவது, 'எக்சிக்' சேனலில் 'சூடோ' வழியாகக் கட்டளையை மட்டும் வேறு பயனர் பெயரில் ஓட்டுவது. நிர்வாகியிடம் சொல்லி, குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும் கடவுச்சொல் இல்லாத அனுமதி வாங்குங்கள், 'சூடோ'வுக்கு மைனஸ் என் (-n) கொடுங்கள். அனுமதி இல்லையென்றால் கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்காமல் உடனே தோற்கும். மைனஸ் என் இல்லாமல் நிரல் காரணம் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கடவுச்சொல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மைனஸ் பெரிய எஸ் (-S), அப்போது உள்ளீட்டு ஓடை வழியாக எழுதலாம். கட்டளை வரியில் கடவுச்சொல்லை எழுதவே கூடாது, அந்தச் சர்வரில் உள்ள மற்றவர்கள் ஓடும் நிரல்களின் பட்டியலில் அதைப் பார்த்துவிடுவார்கள்.

ஆறாம் படி: எச்டிடிபி, ஜேஎம்எக்ஸ்

எச்டிடிபியில் ஒவ்வொரு கோரிக்கையும் தனி என்பதால் தலைப்பை மாற்றினால் போதும் என்று தோன்றும். அப்படி மாற்றிய பிறகும் பழைய ஆளாகவே சர்வர் பதில் சொன்னால் குக்கியைப் பாருங்கள். பழைய செஷன் குக்கி புதிய தலைப்போடு சேர்ந்தே போயிருக்கும், பல சர்வர்கள் குக்கியைத்தான் முதலில் நம்பும். 'குக்கி ஹேண்ட்லர்' இயல்பாக ஜேவிஎம் முழுவதுக்கும் பொது என்பதால், ஆளுக்கு ஒரு 'எச்டிடிபி கிளையன்ட்' பொருளையும் அவரவருக்கு ஒரு குக்கி மேலாளரையும் கட்டுவது தெளிவானது. ஜாவா 11-இல் வந்த அந்த கிளையன்ட் பொருளைக் கட்டிய பின் மாற்ற முடியாது, இந்த இடத்தில் அது நல்லதே. பழைய 'எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன்' பயன்படுத்துபவர்களுக்கு ஜாவா 9 முதல் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி 'ஆதென்டிகேட்டர்' வைக்க முடிகிறது. என்டிஎல்எம் என்ற விண்டோஸ் உள்நுழைவு முறை இருக்கும் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம்: அது ஒவ்வொரு கோரிக்கையையும் அல்ல, இணைப்பையே அடையாளம் காண்கிறது, திறந்தே இருக்கும் இணைப்பை வேறு ஆளுக்குக் கொடுத்தால் முந்தையவரின் அதிகாரமும் சேர்ந்து போகும்.

ஓடும் ஜாவா நிரலை வெளியிலிருந்து மேலாண்மை செய்ய உதவும் ஜேஎம்எக்ஸில், ஒரே இணைப்பில் வேறொருவர் சார்பாகப் பேச ஒரு வழி இருந்தது. ஜாவா 21-இல் அதை நீக்கப்போவதாக அறிவித்து, 23-இல் எடுத்துவிட்டார்கள். இனி ஆளுக்கு ஒரு இணைப்பு.

ஏழாம் படி: இணைப்புக் குளம்

நீங்கள் மாற்றிய இணைப்பு குளத்துக்குத் திரும்பிப் போகும். அடுத்து எடுப்பவர் அதில் யாராக இருக்கிறோம் என்று கேட்கமாட்டார். அதனால் மாற்றும் வேலையும் திருப்பும் வேலையும் ஒரே இடத்தில், 'ட்ரை', 'ஃபைனலி' என்ற ஒரே சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். செயலி முழுவதும் இதற்கு ஒரே ஒரு மெத்தட் போதும்: பயனர் பெயரையும் செய்ய வேண்டிய வேலையையும் வாங்கி, மாற்றி, ஓட்டி, திருப்பித் தரும். திருப்பும்போது பிழை வந்தால் அந்த இணைப்பைக் குளத்துக்குக் கொடுக்கவே கூடாது. ஹிகாரி என்ற இணைப்புக் குள நூலகத்தில் அதற்கு 'எவிக்ட் கனெக்‌ஷன்' இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 'கெட் கனெக்‌ஷன்' அழைப்பதை ஹிகாரி ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் படியில் சொன்ன கடவுச்சொல் சுழற்சிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஹிகாரியின் மேலாண்மைப் பொருளில் 'செட் பாஸ்வேர்ட்' அழையுங்கள். புதிய இணைப்புகளுக்கு அது பொருந்தும். பிறகு 'சாஃப்ட் எவிக்ட் கனெக்‌ஷன்ஸ்' போட்டால் சும்மா இருப்பவை உடனே மூடப்படும், வேலையில் இருப்பவை திரும்பி வந்ததும் மூடப்படும். யாருடைய வேலையும் நடுவில் அறுபடாது. சர்வரில் பழைய கடவுச்சொல்லை ரத்து செய்வது இதற்குப் பிறகுதான்.

எட்டாம் படி: சர்வரிடமே கேளுங்கள்

மாற்றிவிட்டோம் என்று ஜாவா மாறியில் எழுதி வைத்திருப்பது சான்று ஆகாது. போஸ்ட்கிரெஸில் 'கரன்ட் யூசர்', 'செஷன் யூசர்' இரண்டையும் கேளுங்கள். ரோல் எடுத்த பின் முதலாவது மாறியிருக்க வேண்டும், இரண்டாவது செயலிப் பயனராகவே இருக்க வேண்டும். ஆரக்கிளில் 'சிஸ் கான்டெக்ஸ்ட்' வழியாக செஷன் பயனரையும் ப்ராக்ஸி பயனரையும், எஸ்கியூஎல் சர்வரில் இப்போதைய ஆளுக்கு 'எஸ்யூசர் எஸ்நேம்', முதலில் நுழைந்தவருக்கு 'ஒரிஜினல் லாகின்', எஸ்எஸ்எச்-இல் 'ஹூ ஆம் ஐ'. எல்டாப்பில் இதற்கென்றே ஒரு நீட்டிப்புக் கோரிக்கை உண்டு, ஆர்எஃப்சி 4532.

பிறகு தானியங்கிச் சோதனை. குளத்தின் அளவை ஒன்றாக வையுங்கள், அப்போது எல்லாரும் ஒரே இணைப்பைத்தான் பெறுவார்கள், மிச்சம் ஒளிய இடம் இருக்காது. முதல் பயனராக ஒரு தற்காலிக அட்டவணையை உருவாக்கி, டிரான்சாக்‌ஷனை முடிக்காமல் வேண்டுமென்றே பிழை எறியுங்கள். இரண்டாம் பயனராக இணைப்பைக் கேட்டு, யார் என்று பாருங்கள், அந்த அட்டவணை தெரிகிறதா என்று பாருங்கள், முதல் பயனருக்கு மட்டும் உரிய வரிசை ஒன்றைப் படிக்க முயலுங்கள். அப்புறம் தவறான கடவுச்சொல்லோடும், வெற்றுக் கடவுச்சொல்லோடும், ஏ/எல் உள்ள பெயரோடும் அதே சோதனையை ஓட்டுங்கள். தொழிற்சாலைத் திரை போன்ற நிரலாக இருந்தால், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு பதிவு பாதியில் இருக்கும்போதே ஆளை மாற்றி, அந்தப் பதிவு யார் பெயரில் விழுகிறது என்று தரவுத்தளத்தில் திறந்து பாருங்கள்.